குணரத்தினம் காணாத கிரகணம்

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, திருகோணமலைக்கு மேலே சூரியன் முழுவதுமாக மறைந்தது. துணிந்தவர்கள் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தார்கள். பயந்தவர்கள்கூட யன்னல் இடுக்கால் பார்த்தார்கள். ஊரிலேயே இருந்துகொண்டு அதைக் காணாமல் விட்டவர்கள் மிகச் சிலர். துறைமுகப் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்த குணரத்தினமும் அவருடைய மனைவி அன்னலட்சுமியும் அந்தச் சிலரில் இருவர்.

அன்னலட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. கிரகணம் பட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வருமென்று குணரத்தினத்தின் தாய் விடியமுன்னரே அறையை ஆயத்தம் பண்ணிவிட்டாள். யன்னலுக்குச் சாக்கு, சாவித் துவாரத்துக்குப் பழந்துணி, கதவின் கீழ் இடுக்குக்கு ஈரச் சீலை. கத்தி, ஊசி ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. சொறியக்கூடாது, படுக்கக்கூடாது. அன்னலட்சுமிக்கு இருட்டென்றால் சின்ன வயது முதலே பயம்.

"நான் அவளோட உள்ளுக்கை இருக்கிறன்," என்றார் குணரத்தினம்.

"உனக்கென்னடா விசரே? ஆம்பிளையள் எல்லாம் கடக்கரைக்குப் போகுதுகள்."

"போகட்டும்."

இருவரும் நிலத்தில் பாய் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தார்கள். அன்னலட்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் வெளியே ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு பேச்சுக் குறைந்தது. காகங்கள் திடீரென்று ஒரே கூச்சலாக மரத்துக்குத் திரும்பின. நாய் ஒன்று ஊளையிட்டது. புழுக்கமாய் இருந்த அறை மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அதன் பிறகு எங்கேயோ கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பெரிய சத்தம் எழுந்தது. நூற்றுக்கணக்கான தொண்டைகளிலிருந்து ஒரே நேரத்தில் வந்த சத்தம். அது சந்தோஷமா, பயமா என்று அறைக்குள் இருந்த இருவருக்கும் விளங்கவில்லை. குடாவில் நின்ற கப்பல்கள் சங்கு ஊதின.

"முடிஞ்சுதோ?" என்று அன்னலட்சுமி கேட்டாள்.

"தெரியேல்லை," என்றார் அவர்.

பிள்ளை அடுத்த மாதம் பிறந்தது. ஆண்பிள்ளை. அழவில்லை, மூச்சும் விடவில்லை. தோப்பூரில் இருந்து வந்த மருத்துவிச்சி கையைக் கழுவிவிட்டு வெளியே போனாள். கிணற்றடியில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அவ்வளவு காவல் வைத்தும் இப்படி நடந்ததென்றால் அன்னலட்சுமி எங்கேயோ ஓர் இடுக்கால் எட்டிப் பார்த்திருக்கத்தான் வேண்டும் என்று சொன்னார்கள். குணரத்தினத்தின் தாயும் அதையே நம்பினாள்.

"அம்மா, நான் உள்ளுக்கை இருந்தனான். அவள் என்ர கையை ஒரு கணம் விடேல்லை," என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"நீ பெண்டாட்டிக்குப் பரிஞ்சு கதைக்கிறாய்," என்றாள் தாய். அவருடைய சாட்சி ஒருவரிடமும் எடுபடவில்லை.

சில மாதங்கள் கழித்து, யன்னலில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சாக்கை அன்னலட்சுமி தானே ஆணி கழற்றி இறக்கினாள். தூசியைத் தட்டி மடித்து வைத்துவிட்டு, கணவனைப் பாராமல் சொன்னாள்:

"பாக்காமலே பாத்தவள் எண்டு பேர் வாங்கிப்போட்டன். பாத்தெண்டாலும் இருந்திருக்கலாம்."

அவர்களுக்குப் பிறகு பிள்ளை இல்லை.

அந்த வார்த்தை குணரத்தினத்தின் மனதில் ஊன்றிவிட்டது. கண்டவர்களைத் தேடித் தேடி என்ன கண்டீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். பெரும்பாலானவர்கள் "இருட்டிப்போச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். மூதூருக்கு ஆளேற்றும் லோஞ்சுப் படகில் சுக்கான் பிடிக்கும் கிண்ணியாக்காரர் அப்துல் மஜீத் ஒருவர்தான் ஒழுங்காகச் சொன்னவர். அன்று காலை அவர் நடுக் குடாவில் இருந்தார்.

"தண்ணி முதல்ல ஈயம் மாதிரி ஆச்சுது, குணம். நான் எஞ்சினை நிப்பாட்டினேன். பயணியள் ஒருத்தரும் மூச்சு விடல்ல. சூரியன் இருந்த இடத்தில ஒரு ஓட்டை. அதைச் சுத்தி வெள்ளை வெளேரெண்டு நரைமயிர் பறந்த மாதிரி. அல்லாவே எண்டு சொல்லக்கூட வாய் வரல்ல."

குணரத்தினம் அதைப் பல தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மஜீத்தும் சலிக்காமல் சொன்னார். இருவரும் சிநேகிதர்களானது அப்படித்தான்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனது. போகும்போது கதிரை, அலுமாரி, கயிறு, விளக்கு என்று மிச்சம் மீதியையெல்லாம் ஏலத்தில் போட்டார்கள். ஒரு மூலையில், பழைய கப்பலொன்றிலிருந்து கழற்றிய நீண்ட பித்தளைத் தொலைநோக்கி கறுத்துப்போய்க் கிடந்தது. ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. குணரத்தினம் அதைச் சொற்பக் காசுக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கழற்றித் துடைத்து, பட்டறையில் கடைந்தெடுத்த வளையங்களைப் பூட்டி, முற்றத்தில் ஒரு மரக்காலில் நிறுத்தினார். முதலில் அன்னலட்சுமிதான் பார்த்தாள். வளர்பிறைச் சந்திரன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாள் வருத்தம் வந்து தழும்பு விழுந்த முகம் மாதிரிக் கிடக்கு. பாவம்," என்றாள்.

செய்தி வேலிக்கு மேலால் போயிற்று. அடுத்த நாள் மாலை கிணற்றடிப் பெண்கள் நால்வர் படலையில் வந்து நின்றார்கள். பழி சொன்ன அதே பெண்கள்தான். குணரத்தினம் எழும்பிப் போய்ப் படலையைச் சாத்தத்தான் நினைத்தார். அதற்குள் அன்னலட்சுமி குசினிக்குள் போய் ஒரு பலகையை எடுத்துவந்து, அவர்களில் கட்டையான பெண்ணின் காலடியில் வைத்தாள்.

"இதில ஏறி நிண்டு பாருங்கோ. இல்லாட்டி எட்டாது."

அந்த மாலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று குணரத்தினம் பிற்காலத்தில் சொல்லுவார். வந்தவர்கள் வேறு ஆட்களைக் கூட்டிவந்தார்கள். முற்றம் போதவில்லை. உவர்மலைச் சரிவில், உலக யுத்த காலத்தில் பீரங்கி வைத்திருந்த சீமெந்து மேடை ஒன்று பற்றை மூடிக் கிடந்தது. அதைப் பாவிக்கலாமா என்று அவர் கேட்டபோது ஒருவரும் ஓமென்று எழுதித் தரவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டறைச் சிநேகிதர்கள் பற்றை வெட்டினார்கள். மஜீத் லோஞ்சுக்காரர்களோடு வந்து தகரமும் தூணும் சுமந்தார். பீரங்கியைப் பூட்டியிருந்த பருத்த ஆணிகள் சீமெந்தில் அப்படியே நின்றன. குணரத்தினம் அவற்றின் மேலேயே தொலைநோக்கியைப் பூட்டினார். கூரையைத் தள்ளித் திறக்க, பழைய தள்ளுவண்டி ஒன்றின் சில்லுகள் உதவின.

வெள்ளிக்கிழமை தோறும் பொழுதுபட்டதும் மேடை திறக்கும். வருகிறவர் யாரென்று கேட்பதில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்பதில்லை. அன்னலட்சுமி அரிக்கன் லாம்பில் சிவப்புத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பாள், ஏறுகிறவர்களின் கால் தடுக்காமல். சாம்பல்தீவுக் கடற்தொழிலாளர் வருவார்கள். தாங்கள் வலைபோடப் போகும் வழிக்கு அடையாளம் வைத்திருக்கும் வானத்து வெள்ளிகளைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "அட, ஒண்டெண்டு நினைச்சம், இது ரெண்டல்லோ," என்று ஆளையாள் பார்ப்பார்கள். நோன்புப் பிறை பார்க்கும் மாலையில் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெரியவர்கள் வந்து, தொலைநோக்கியைத் தொடாமல், திறந்த மேடையில் வெறுங்கண்ணோடு மேற்கைப் பார்த்து நிற்பார்கள். பிறை கண்டபிறகுதான் கண்ணாடிக்குக் கிட்ட வருவார்கள்.

ஒரு தடவை வெருகலிலிருந்து வந்த ஒரு விதவைக்குக் குணரத்தினம் சனிக் கிரகத்தைக் காட்டினார். ஏழரைச் சனி தன் குடும்பத்தையே தின்றுவிட்டதென்று நம்பிய மனுசி அவள். குனிந்து பார்த்தாள். வளையம் போட்ட சின்ன மணி ஒன்று கறுப்பில் தொங்கியது.

"இவனே அவன்?"

"ஓம் அம்மா."

"இவ்வளவு வடிவாயோ இருக்கிறான்?" அவள் மீண்டும் குனிந்தாள். "நான் இவனுக்கு எத்தினை எள்ளெண்ணெய் எரிச்சிருப்பன். ஒருக்காலும் அவன்ர முகத்தைப் பாக்கேல்லையே."

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் குணரத்தினத்துக்கு அந்த அடைத்த அறைதான் நினைவு. ஆயிரம் பேருக்கு ஆயிரம் காட்சியைக் காட்டினாலும், தானும் அன்னமும் காணத் தவறிய அந்த ஒன்றைத் தன்னால் ஒருவருக்கும் காட்ட ஏலாது. மஜீத்தின் சொல்லில் கேட்ட அந்த வெள்ளை நரைமயிரைக் கண்ணை மூடினால் ஒருமாதிரி வரவழைக்கலாம். திறந்தால் போய்விடும்.

அறுபத்து நாலு மார்கழிச் சூறாவளி மேடையின் கூரையைப் பிடுங்கிக் குடாவுக்குள் எறிந்தது. மழைக்குணம் தெரிந்ததுமே அன்னலட்சுமி பிடிவாதம் பிடித்துத் தொலைநோக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலின் கீழ் வைத்திருந்ததால் அது தப்பியது. வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகு, அதே ஆட்கள் கேட்காமலே வந்து மேடைக்கும் கூரை போட்டார்கள். "இருட்டில இருந்து இருந்து அலுத்துப்போச்சு, எதையாவது காட்டுங்கோ," என்றார்கள்.

இப்படியே வருடங்கள் போயின. எழுபத்தொன்பதில் ஒரு நாள், வானொலியில் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுக் குணரத்தினம் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். வருகிற மாசியில் இந்தியாவில் முழுக் கிரகணம். கடலைக் கடந்தால் போதும்.

"அன்னம், போவமே?"

அன்னலட்சுமி நம்பாதவள்போல் பார்த்தாள். அவளுடைய தங்கை இராசமலர் ஒரு யாத்திரைக் கோஷ்டியோடு மந்திராலயத்துக்குப் போக இருந்தாள். தேசப்படத்தை விரித்துப் பார்த்தார்கள். கிரகணத்தின் பாதை அந்த ஊருக்கு மேலாலேயே போயிற்று. கோஷ்டி அதே நாட்களில் அங்கே நிற்கும். இருவரும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தார்கள். குணரத்தினம் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் என்று பட்டறையில் எல்லோருக்கும் வழி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஐம்பது வயது தாண்டிய மனிதர் சின்னப்பிள்ளைபோல் ஆகிவிட்டாரென்று மஜீத் சிரித்தார்.

தைப்பொங்கல் கழிந்ததும் ஊரில் கதை கிளம்பியது. திருகோணமலையில் முழுதாக மறையாவிட்டாலும் பெரும்பங்கு மறையும். வெளியே வந்தால் கண் போகும், தண்ணீர் நஞ்சாகும், பிள்ளைத்தாச்சிகளை நாள் முழுக்க அடைத்து வைக்கவேண்டும். ஒவ்வொரு வாயும் அதை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்கள் வருவதற்கு முன்னரே, மஜீத்தின் மகள் ஸல்ஹா மேடைக்கு வந்தாள். கலியாணம் முடித்து முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"மாமா, என்னை அறைக்குள்ள வெச்சுப் பூட்டப் போறாங்களாம். யன்னலுக்குச் சாக்குப் போடுறாங்க. நான் என்ன செய்ய?"

குணரத்தினம் தொலைநோக்கியிலிருந்து கையை எடுத்தார். சிவப்பு லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்னலட்சுமி லாம்பை மெல்லக் கீழே வைத்தாள்.

அன்றிரவு கஞ்சிக்கு முன்னால் இருந்தபடி அவர் சொன்னார், "நான் வரேல்லை, அன்னம். நீ போ."

"நீங்களில்லாமல் எனக்கென்னத்துக்கு?"

"இருவது வருசமா வெளியால வாங்கோ, வெளியால வாங்கோ எண்டு ஊரைக் கூப்பிட்டனான். ஊர் முழுக்கக் கதவைப் பூட்டுற அண்டைக்கு நான் இல்லாமல் போக ஏலாது."

"அப்ப நானும் நிக்கிறன்."

"வேண்டாம்." அவர் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்த அறைக்குள்ள ரெண்டு பேரும் இருந்தம். ஒராளெண்டாலும் வெளியால போகவேணும். பழி உனக்குத்தானே கிடைச்சது. நீ போய்ப் பார்."

அவள் அழுதாள். ஆனாலும் போனாள். புகையிரத நிலையத்தில் யன்னலால் கையை நீட்டி அவருடைய கையைப் பிடித்தவள், வண்டி அசையும்வரை விடவில்லை.

அந்த நாள் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு தெரு வெறித்துப்போனது. மேடையில் குணரத்தினம் தொலைநோக்கியைச் சூரியனுக்குத் திருப்பி, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தார். சூரியன் அதில் ஒரு ரொட்டியளவில் விழுந்தது. நேரே பார்த்தால் கண்ணுக்குக் கேடு, அட்டையில் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று வாரக்கணக்காகச் சொல்லியிருந்தார். பட்டறை ஆட்கள் நாலைந்து பேரும் சாம்பல்தீவிலிருந்து ஒரு குடும்பமும் வந்தார்கள். அவ்வளவுதான். விளிம்பில் முதல் கடி விழுந்தபோது அவர் வழமைபோல் விளக்கம் சொல்லத் தொடங்கினார். தன் குரல் தனக்கே வெறுமையாகக் கேட்டது.

அப்போது சரிவில் மஜீத் ஏறிவந்தார். பின்னால், குடைபிடித்துக்கொண்டு ஸல்ஹா. அவளுக்குப் பின்னால், முகம் இறுகிய அவளுடைய மாமியார்.

"பூட்டைத் திறக்கச் சொல்லிச் சண்டை பிடிச்சேன்," என்றார் மஜீத் மூச்சு வாங்க. "ஸல்ஹாட மாமி சரியெண்டா. ஆனா தானும் வந்து காவலிருக்கிறதாம்."

குணரத்தினம் அவர்களை மேடையோரத்து வாகைமரத்தின் கீழ் கதிரையில் இருத்தினார். பிறகு நிலத்தைக் காட்டினார். இலைகளின் நடுவால் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாய் மாறியிருந்தன. நூறு நூறு பிறைகள் மண்ணிலும், கதிரைக் கையிலும், ஸல்ஹாவின் மடியிலும், நிறைந்த வயிற்றின் மேலும் ஆடிக்கொண்டிருந்தன. மாமியார் தன் உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு பிறை வந்து விழுந்தது. அவளுடைய முகம் மெல்ல இளகியது.

"பெருநாள் மாதிரியல்லவா இருக்கு," என்றாள்.

வெயில் மங்கி, நிழல்கள் கத்திபோல் கூர்மையாகின. குடாவின் தண்ணீர் நிறம் மாறியது. குணரத்தினம் அட்டையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு மேடையின் வடக்குப் பக்க விளிம்பில் போய் நின்றார். கடலுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத எங்கேயோ, இந்தக் கணத்தில் முழு இருட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் அன்னம் நிற்பாள். நிற்கிறாளா? யாத்திரைக்காரர்கள் அவளையும் அடைத்து வைத்திருப்பார்களோ? அவர் தொண்டைக்குள் "நிமிந்து பார், அன்னம், நிமிந்து பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெளிச்சம் திரும்பத் தொடங்கியது. மஜீத் வந்து தோளில் கை வைத்தபோதுதான் தன் கன்னம் நனைந்திருப்பது அவருக்குத் தெரிந்தது.

அன்னலட்சுமி திரும்பி வந்த நாளில் அவர் வண்டி வருவதற்கு வெகு முன்னரே நிலையத்தில் நின்றார். இறங்கியவளிடம் பையை வாங்கக்கூட மறந்துபோனார்.

"கண்டனியே?"

"ஓம்."

வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்த பிறகு, குசினி வாசலில் குந்தியிருந்த கணவனுக்கு முதுகைக் காட்டியபடியே சொல்லத் தொடங்கினாள்.

"கோயிலைப் பூட்டிப்போட்டினம். எங்கட ஆக்கள் எல்லாம் மடத்துக்குள்ள, கதவடைச்சுத் தேவாரம். நான் எழும்பினன். இராசமலர் என்ர சீலையைப் பிடிச்சு, போகாதை அக்கா எண்டு அழுதாள். உதறிப்போட்டு ஆத்தங்கரைக்குப் போனன். அங்க ஒரு வண்ணான், அவன்ர கழுதையள், வேற ஒருத்தருமில்லை."

"பிறகு?"

"இருட்டினதும் நான் பாக்கேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டுதான் நிண்டன். அவ்வளவு தூரம் போயும் நிமிரப் பயம். பிறகு அந்த வண்ணான் என்னவோ தன்ர பாசையில கத்தினான். நிமிந்தன்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மஜீத் நானா சொன்னது சரி. ஆனால் அவர் சொன்னதில பாதிதான் கிடக்கு. மிச்சத்துக்கு எனக்கும் சொல்லில்லை."

"அழுதனியே?"

"இல்லை. கோவம் வந்துது. இவ்வளவு வடிவான ஒண்டுக்குப் பயந்தோ எங்களைப் பூட்டி வைச்சவை எண்டு. பிள்ளை போனது அதாலயில்லை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். எண்டாலும் அங்க நிண்டுதான் முழுசா நம்பினன்." அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பிறகு உங்களைத் தேடினன். பக்கத்தில ஆளில்லை. அப்பதான் அழுகை வந்துது."

குணரத்தினம் எழும்பி உள்ளே போனார். அவளுக்குப் பக்கத்தில் அடுப்படியில் இருந்துகொண்டார். தேத்தண்ணி கொதித்து வழிந்தது. ஒருவரும் இறக்கவில்லை.

ஸல்ஹாவுக்குச் சித்திரையில் பெண்பிள்ளை பிறந்தது, நல்ல சுகமாக. ஊர் அதைக் கிரகணத்தின் அதிசயமாகப் பேசப் பார்த்தது. குணரத்தினம் விடவில்லை. அந்தப் பிள்ளை சுகமாயிருப்பதும் கிரகணத்தாலில்லை, தன் பிள்ளை போனதும் கிரகணத்தாலில்லை என்று மேடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். தன் பிள்ளையைப் பற்றி வெளியாருக்கு முன்னால் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

அன்னலட்சுமியும் லாம்பைப் படியில் வைத்துவிட்டு மேடைக்கு நடுவில் வந்து பேசத் தொடங்கினாள். ஆற்றங்கரையில் கண்டதைச் சொல்லச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள். அவள் சொல்லும்போதெல்லாம் குணரத்தினம் கூரைத்தூணில் சாய்ந்து நின்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று வரும். கழுதைகள் அசையாமல் நின்றது. அடிவானம் முழுக்க விடியற்காலைபோல் சிவந்திருந்தது. பகலில் வெள்ளி பூத்தது. தான் நேரே காணாத ஒன்றைத் துண்டு துண்டாக அவர் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் அது அவருடையதாகவில்லை.

எண்பத்துமூன்று பிறந்தபோது, ஆனியில் ஜாவாத் தீவில் முழுக் கிரகணம் என்று அவருக்குத் தெரியும். அன்னலட்சுமிக்கும் தெரியும்.

"ரெண்டு பேருமாப் போவம்," என்றாள் அவள்.

"ஜாவாவுக்கு ஆர் எங்களைக் கொண்டுபோறது?"

மஜீத் இறங்குதுறையில் கண்ட மாலுமிகளிடமெல்லாம் ஜாவாப் பக்கம் போகிற கப்பலா என்று விசாரித்துத் திரிந்தார். சிலர் சிரித்தார்கள். ஒருவன் ஓமென்று தலையாட்டிவிட்டு அடுத்த நாளே போய்விட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம், குணரத்தினம் தொலைநோக்கியைத் தாழ்த்திக் குடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கப்பல் ஒன்று விளக்கேற்றிக்கொண்டு மெதுவாகத் துறைமுக வாய்க்கு வெளியே போனது. கிழக்கே, ஜாவா இருக்கும் பக்கமாகத் திரும்பியது. மேல்தட்டில் ஒருவன் கொடியிலிருந்து உடுப்பு எடுப்பதுகூடத் தெரிந்தது. கப்பல் சிறுத்துப் புள்ளியாகும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, ஆக்கள் வருகினம்," என்று அன்னலட்சுமி படியிலிருந்து கூப்பிட்டாள். கீழே சரிவில் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள்.

அவர் குழாயை மேலே திருப்பினார். சந்திரனைத் தேடிப் பிடித்து, கூர்மை சரிபார்த்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. முதல்ல ஆர் பாக்கிறது?"